மேயர் நீதிமன்றம் ஏன் மூடப்பட்டது? சென்னையின் வணிக நீதிபதிகள், 1688–1798

சென்னையின் மேயர் நீதிமன்றத்தைப் பற்றிச் சட்ட வரலாற்று நூல்கள் சொல்லும் கதை சுருக்கமானது. சட்டம் படிக்காத வியாபாரிகள் நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள், தோன்றியபடி தீர்ப்பளித்தார்கள், 1798இல் சட்டம் கற்றவர் ஒருவர் வந்து அந்த அவலத்துக்கு முடிவு கட்டினார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நீதிபதிகளின் அறியாமைதான் காரணம் என்றால், அந்த நீதிமன்றம் 110 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது எப்படி என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. நீதிபதிகள் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள், யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் என்று கேட்டால் வேறொரு சித்திரம் தெரிகிறது. ஊரோடு இருந்த பிணைப்பு படிப்படியாக அறுந்து, கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னரோடும் கவுன்சிலோடும் இருந்த பிணைப்பு இறுகியதுதான் அதன் வரலாறு. இரண்டாவது முடிச்சு முற்றிலும் இறுகிய பிறகு அந்த மன்றம் தனியாக நிலைத்திருக்கக் காரணமே இல்லாமல் போயிற்று.

மேயர் நீதிமன்றத்துக்கு முன்பே, கோட்டைக்கு வெளியே உள்ளூர் மக்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தில் சாவடி நீதிமன்றம் இருந்தது. தொடக்கத்தில் உள்ளூர் அதிகாரி ஒருவர் அதில் வழக்குக் கேட்டார். பிறகு கம்பெனி ஊழியர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1678இல் கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் அதைச் சீரமைத்தபோது 50 வராகன் வரையிலான வழக்குகள் அதன் பொறுப்பாயின. 1687 டிசம்பரில் கம்பெனி தந்த சாசனத்தின்படி மறு ஆண்டு மாநகராட்சியும் மேயர் நீதிமன்றமும் தொடங்கின. முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். மேயரோடு நீதிபதிகளாக அமர்ந்த பன்னிரண்டு ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியரும் யூத வணிகரும் இருந்தார்கள். கம்பெனியோடு பெருவணிகம் செய்த சின்ன வெங்கடாத்திரி, ஆலங்காத்தா பிள்ளை போன்ற இந்துக்களும் இருந்தார்கள். சிவப்பு அங்கி அணிந்து உட்கார்ந்த இந்தக் கூட்டத்தை ஊர்ச் சனநாயகம் என்று யாரும் மயங்க வேண்டாம். வரி விதிக்க ஊர்ப் பெரியவர்களின் முகம் கம்பெனிக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆயினும் தமிழும் தெலுங்கும் பேசிய ஒரு வழக்காளிக்கு, தன் வழக்கத்தை அறிந்த ஒருவராவது மேடையில் இருப்பார் என்ற வாய்ப்பை இந்த ஏற்பாடு தந்தது. பிற்காலத்தில் அந்த வாய்ப்பு மீண்டும் வர எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சட்டப் படிப்பு இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற வாதத்தை இந்தத் தொடக்க ஆண்டுகளே மறுக்கின்றன. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் ரெக்கார்டராக (நகர நீதிமன்றத்தின் சட்ட அதிகாரியாக) இருந்த சர் ஜான் பிக்ஸ் 1687இல் சென்னைக்கு வந்தார். கடல் வழக்குகளுக்கான அட்மிரால்டி நீதிமன்றத்தின் நீதிபதி அவர். மேயர் நீதிமன்றத்தின் ரெக்கார்டரும் அவரே. மேயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடு போன இடமோ அட்மிரால்டி நீதிமன்றம். தான் அமர்ந்து கேட்ட வழக்கின் மேல்முறையீட்டைத் தானே விசாரிக்கும் இந்த விசித்திரம் சட்டம் அறியாத வியாபாரிகள் செய்த ஏற்பாடல்ல. பிக்ஸ் 1689இல் இறந்தார். அடுத்து 1692இல் நியமிக்கப்பட்ட ஜான் டால்பென் இரண்டே ஆண்டுகளில் லஞ்சக் குற்றச்சாட்டின் பேரில் நீக்கப்பட்டார். இரண்டு பேரை வைத்துப் பொது விதி எழுத முடியாது என்பது நியாயமான மறுப்பு. நான் விதி எழுதவில்லை. படிப்பு தன்னளவில் நேர்மைக்கோ நடுநிலைக்கோ பிணையாக இருந்ததில்லை என்பதற்கு மட்டும் இவர்களைச் சாட்சியாக வைக்கிறேன்.

1726ஆம் ஆண்டு அரச சாசனம் நிலைமையை மாற்றியது. நீதிமன்றம் இனி கம்பெனியின் பெயரால் அல்ல, அரசரின் பெயரால் இயங்கியது. மேயரும் ஒன்பது ஆல்டர்மேன்களும் கொண்ட மன்றத்தில் மேயரும் ஏழு ஆல்டர்மேன்களும் பிரிட்டிஷ் குடிகளாக இருக்க வேண்டும் என்று விதித்ததால், 1688இல் இருந்த கலவை போய்விட்டது. கவர்னர் கவுன்சிலுக்கு மேல்முறையீடு உண்டு. 1000 வராகனுக்கு மேற்பட்ட வழக்கு லண்டன் வரை போகலாம். ஆல்டர்மேன் பதவி ஆயுட்காலத்துக்கு. காலியான இடத்தை மன்றத்தினரே நிரப்பிக்கொண்டார்கள். ஊரிலிருந்து விலகிய அதே மன்றம் இப்படிக் கவுன்சிலுக்கு எதிரே முதுகு நிமிர்த்தவும் கற்றது. அது எங்கே போய் முட்டியது என்பதை 1736ஆம் ஆண்டு வழக்கு காட்டுகிறது. இரண்டு இந்து வணிகர்கள் கோவிலில் செய்யும் சத்தியத்தைச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அது தங்கள் வழக்கத்துக்கு மாறானது என்று அவர்கள் மறுத்தார்கள். மன்றம் அவர்களைச் சிறையில் அடைத்தது. ஊர் கொந்தளித்தது, கவர்னர் தலையிட்டு அவர்களை விடுவித்தார்.

இந்த வழக்கைத்தான் அறியாமைக் கதையின் முதன்மைச் சான்றாகக் காட்டுவார்கள். மன்றம் செய்தது மடத்தனம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. வெங்கடாத்திரியைப் போன்ற ஒருவர் மேடையில் இருந்திருந்தால், எந்தச் சாதியார் எந்தச் சத்தியத்துக்கு உடன்படுவார்கள் என்பதைக் காதோடு சொல்லியிருப்பார். வழக்கு சிறை வரை போயிருக்காது. ஆக அங்கே இல்லாமல் போனது ஆங்கிலச் சட்ட அறிவு அல்ல, ஊரறிவு. இங்கிலாந்திலிருந்து ஒரு பாரிஸ்டரை இறக்கியிருந்தாலும் இந்தக் குறை தீர்ந்திருக்காது. பம்பாயிலும் 1730இல் இதே போன்ற மோதல் நடந்தது. கத்தோலிக்க மதத்துக்கு மாறிய ஒரு தாயிடம் அவளுடைய மகனை ஒப்படைக்கும்படி அங்கிருந்த மேயர் நீதிமன்றம் உத்தரவிட்டது; சாதித் தலைவர்கள் முறையிட்டபோது கவர்னர் குறுக்கே நின்றார்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள்; 1749இல் நகரம் திரும்பக் கிடைத்தது. அதன்பின் 1753இல் வந்த புதிய சாசனம் இந்த மோதல்களுக்குக் கண்டுபிடித்த மருந்து என்ன? ஊரறிவை மேடைக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக ஊராரையே வழக்கிலிருந்து வெளியேற்றியது. இருதரப்பும் இசைந்தாலன்றி இந்தியருக்கு இடையிலான வழக்குகளைக் கேட்க முடியாது என்றாயிற்று. ஆல்டர்மேன்களை நியமிப்பதும் நீக்குவதும் கவுன்சிலின் கைக்குப் போயின. மேயர் பதவிக்கு மன்றம் இரண்டு பெயர்களைத் தர, கவுன்சில் ஒன்றைத் தேர்ந்தது. ஐந்து வராகனுக்கு உட்பட்ட சில்லறை வழக்குகளுக்குத் தனி மன்றம் ஏற்பட்டது. இவற்றுக்கு நடுவே, அதிகம் பேசப்படாத ஒரு விதியும் உண்டு: தனக்கு ஆதாயம் உள்ள வழக்கில் எவரும் நீதிபதியாக உட்காரக் கூடாது. நடந்துகொண்டிருந்தால் ஒழிய இப்படித் தடை போடும் தேவை வந்திருக்காது. நோய் எங்கே என்று சாசனத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும், ஆல்டர்மேன்களை அந்த ஊரின் மிகப் பெரிய வியாபாரியான கம்பெனியின் கவுன்சிலுக்கே அடிமைப்படுத்தினார்கள்.

சட்ட அறிவே பிரச்சினை என்பவர்கள் இன்னொன்றையும் விளக்க வேண்டும். கல்கத்தாவுக்கு 1774இலேயே உச்ச நீதிமன்றம் கிடைத்தது. சென்னையில் அதே வியாபாரிகள் மேலும் 24 ஆண்டுகள் தீர்ப்பளித்தார்கள். அறியாமை கல்கத்தாவில் பொறுக்க முடியாததாகவும் சென்னையில் பொறுக்கத்தக்கதாகவும் இருந்ததா? அந்த இடைக்காலத்தில் சென்னையில் பெருகியது வேறு: ஆற்காட்டு நவாப் முகமது அலியின் கடன். கம்பெனி ஊழியர்களும் வணிகர்களும் வட்டிக்கு மேல் வட்டியாக நவாபுக்குக் கொடுத்த கடன் லண்டன் பாராளுமன்றம் வரை நாறியது. 1785இல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றிப் பேசிய பேச்சில், கடன் கொடுத்தவர்களில் முக்கியமானவரான பால் பென்ஃபீல்டின் பெயர் முழங்கிற்று. பின்னாளில் கர்நாடகக் கடன் ஆணையம் இந்தக் கடன்களை ஆராய்ந்தபோது, 3 கோடி பவுனுக்கு மேல் கோரப்பட்டதில் 30 லட்சம்கூடத் தேறவில்லை. கடன் கொடுத்தவன், பத்திரம் வாங்கி விற்றவன், கவுன்சிலில் அமர்ந்தவன் எல்லாம் ஒரே வட்டத்தார். அந்த வட்டத்தின் நியமனத்தில் இருந்த நீதிபதிகளை நம்பிப் பணத்தகராற்றைக் கொண்டுபோவது எப்படி? சென்னையிலும் பம்பாயிலும் ரெக்கார்டர் நீதிமன்றங்களை அமைக்க வழிசெய்த 1797ஆம் ஆண்டுச் சட்டமே, அனுமதியின்றி இந்திய அரசர்களுக்குக் கடன் கொடுப்பதையும் பிரிட்டிஷ் குடிகளுக்குத் தடை செய்தது. இரண்டும் ஒரே சட்டத்தில் வந்ததைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1798இல் ரெக்கார்டராக வந்த சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்சோடு மேயரும் மூன்று ஆல்டர்மேன்களும் அமர்ந்தார்கள். 1801இல் உச்ச நீதிமன்றம் திறந்தபோதுதான் வியாபாரிகள் மேடையை விட்டு இறங்கினார்கள். புதிய நீதிபதிகள் கவுன்சிலுக்குத் தலையாட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவரான ஹென்றி குவில்லிம் அரசோடு மோதி 1808இல் திரும்ப அழைக்கப்பட்டார். ஆனால் ஊரறிவு? நோவா ஸ்கோஷியாவில் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டு வந்த ஸ்ட்ரேஞ்ச் அதைப் புத்தகத்தில் தேடினார். இந்து சட்டம் பற்றி அவர் எழுதிய நூல் 1825இல் வெளிவந்தது. ஊழலுக்கு இடமளித்த மன்றத்தை மூடியது சரியே என்று வாதிடுவோருக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கவுன்சிலின் பிடியை அறுக்கும்போது, 1726இலிருந்து தேய்ந்துகொண்டே வந்த ஊரின் பிடியை மீட்க யாரும் முயலவில்லை. நகரத்துக்கு வெளியே, மொபசலில், 1816க்குப் பிறகு இந்திய முன்சீப்புகள் தீர்ப்பளித்தார்கள் என்பது உண்மைதான்; நகரத்தின் தலைமை நீதிமன்றத்தில் இந்தியருக்கு இடமில்லை. வெங்கடாத்திரியும் ஆலங்காத்தா பிள்ளையும் 1688இல் அமர்ந்த நகரத்தில், உயர் நீதிமன்ற நீதிபதியாக முதல் இந்தியர் தி. முத்துசாமி ஐயர் அமர்ந்தது 1878இல். நீதிமன்றம் போனதோடு மேயர் பதவியும் மறைந்து, 1933இல்தான் முத்தையா செட்டியாரோடு சென்னைக்கு மறுபடியும் ஒரு மேயர் வந்தார். அவரிடம் எந்த வழக்கும் வரவில்லை.