112 அடி மனுவும் ஒரு மின்னஞ்சல் முகவரியும்

"கருத்துக் கேட்டோம், மக்கள் எழுதவில்லை" என்று அதிகாரிகள் சொல்லும்போதெல்லாம் எனக்கு 1893 நினைவுக்கு வரும். ஐசிஎஸ் தேர்வை இங்கிலாந்தில் நடத்தும்போதே இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அவ்வாண்டு பிரிட்டிஷ் காமன்ஸ் சபையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. அப்படி நடந்தால் சாதி இந்துக்களே அதிகாரிகளாக வந்து ஒடுக்கப்பட்ட மக்களை இன்னும் நசுக்குவார்கள் என்று எதிர்த்தவர் இரட்டைமலை சீனிவாசன். சுங்குவார்சத்திரமும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். சென்னையில் கூட்டம் கூட்டி, 3412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள மனுவை லண்டனுக்கு அனுப்பினார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு சமூகத்தின் மனு அது! அந்த மக்களிடம் தபால் வசதியா பெருகிக் கிடந்தது? பறையர் மகாஜன சபை இருந்தது. 'பறையன்' இதழ் தமிழில் வந்துகொண்டிருந்தது.

இப்போது 2020க்கு வருவோம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான வரைவு அறிவிக்கையை ஒன்றிய அரசு ஊரடங்குக் காலத்தில் வெளியிட்டு மின்னஞ்சலில் கருத்துக் கேட்டது. வரைவு இருந்ததோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். 22 மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி, ஆகஸ்ட் 11 வரை அவகாசத்தையும் நீட்டி, ஜூன் 30 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு மொழிபெயர்க்கவில்லை, உச்சநீதிமன்றத்துக்குப் போனது.

அப்படியும் லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் குவிந்தன. சூழல் இயக்கங்கள் வரைவைத் தமிழில் விளக்கின, நடிகர் கார்த்தி அறிக்கை விட்டார், அனுப்ப வேண்டிய கடிதத்தை இளைஞர்கள் இணையதளங்களில் தயாராக எழுதிவைத்தார்கள். அந்தத் தளங்களில் சில முடக்கப்பட்டன. ஒன்றின் மீது டெல்லி காவல்துறை அனுப்பிய நோட்டீசில் 'உபா' சட்டமே இருந்தது. பிறகு திரும்பப் பெற்றார்கள். மின்னஞ்சல் அனுப்ப உதவிய மாணவர்களுக்கே இந்த நிலை என்றால், காலனியில் இருப்பவர் தன் சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் அனுப்ப எத்தனை முறை யோசிப்பார்?

சுங்குவார்சத்திரத்தில் ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி கையிலும் செல்போன் இருக்கிறது, நெட் இருக்கிறது. அவர் மொழியில் கேள்வி போய்ச் சேர்ந்ததா, பதில் சொன்னால் வேலை தங்குமா, சொன்னது எங்காவது ஏறுமா? அவர் எழுதுவதும் எழுதாததும் இதைப் பொறுத்ததுதான். கடைசிக் கேள்விக்கு அவர் ஊரிலேயே பதில் இருக்கிறது. அந்த வரைவு, பொது விசாரணைக்கான முன்னறிவிப்பை 30 நாளிலிருந்து 20 நாளாகக் குறைக்கப் பார்த்தது. ஆனால் ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டைக்குள் வரும் ஆலைக்கு மக்கள் கருத்தே கேட்க வேண்டாம் என்று 2006 அறிவிக்கையே விலக்கு கொடுத்துவிட்டது.