களஞ்சியத்தின் கதை – 14: பத்து மணி பதினோரு நிமிடம்

2020 பிப்ரவரி 20, வியாழக்கிழமை. ஜெனீவா நகரின் ஓரத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடம். காலை மணி 10:11.

போன வாரம் இந்த நிமிடத்தில்தான் கதையை நிறுத்தினேன். எழுதி அனுப்பிய பிறகு எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. உலகத்து இயற்பியல் விஞ்ஞானிகள் கூடி வேலை பார்க்கும் இடத்தின் சேமிப்புக் களஞ்சியத்தில், வட்டுகளைக் காவல் காக்கும் புரோகிராம்களில் நான்கில் ஒரு பங்கு ஒரே மூச்சில் விழுந்துவிட்டது. வட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. விழுந்ததைக் கிளப்பிவிட்டார்கள். எழுந்த வேகத்திலேயே மறுபடி விழுந்தது.

இந்த வாரம் புதிதாகத் தொடருக்குள் வருகிறவர்களுக்காக முன்கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கான சாதாரண சர்வர்களையும் அவற்றின் வட்டுகளையும் ஒரே களஞ்சியமாகக் கட்டி ஆளும் மென்பொருள் செஃப். கலிபோர்னியாவின் சான்டா குரூஸில் சேஜ் வைல் தன் முனைவர் பட்டத்துக்காகத் தொடங்கிய வேலை அது. 2006-ல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வந்தது. செர்ன் 2013-ல் 3 பெட்டாபைட் கொள்ளளவோடு அதை எடுத்துக்கொண்டது. வட்டுக்கு ஒரு காவலாள், அவனுக்கு ஓ.எஸ்.டி. என்று பெயர். எந்தத் தரவும் மூன்று பிரதியாக, மூன்று வேறு வேறு இடத்தில் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்த பேரேடு மட்டும் கிடையாது. பெயரைக் கொடுத்தால் கிரஷ் என்ற கணக்கு இடத்தைச் சொல்லிவிடும். அந்தக் கணக்கு சரியாக வருவதற்கு ஒரு வரைபடம் வேண்டும். மொத்தம் எத்தனை ஓ.எஸ்.டி., இப்போது எது உயிரோடு இருக்கிறது, எது விழுந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஓ.எஸ்.டி. மேப் என்பது அதுதான்.

எங்கள் சுந்தரபாண்டியம் பக்கத்து விவசாயிகளிடம் இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பிளவக்கல்லில் திறந்த தண்ணீர் வத்திராயிருப்பு வட்டாரத்தில் ஒரு கண்மாயை நிரப்பி, மறுகால் பாய்ந்து, அடுத்த கண்மாய்க்குப் போகிறது. எந்த மடையை எப்போது திறப்பது, எந்தக் கரை போன மழையில் கரைந்து நிற்கிறது என்பதெல்லாம் நீர்பாய்ச்சியின் தலைக்குள் இருக்கிறது. கண்மாயில் எத்தனை அடி தண்ணீர் நின்றாலும், அவர் மனதில் உள்ள அந்தப் படம் பிசகினால் நடவு கருகும். இல்லையென்றால் உடைந்த கரைக்குத் தண்ணீர் போகும்.

செர்னில் பிசகியது அந்தப் படம்தான். ஆனால் அது தெரிவதற்குள் மணி ஓடிவிட்டது.

நான்கில் ஒன்றுதானே போனது, மீதி முக்கால் பங்கு இருக்கிறதே, மூன்று பிரதி வேறு இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தரவுகள் குழுகுழுவாக வைக்கப்படுகின்றன; ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று ஓ.எஸ்.டி. பொறுப்பு. மூன்றில் இரண்டு பிரதியாவது உயிரோடு இருந்தால்தான் செஃப் எழுத விடும். வழக்கமான ஏற்பாடு அது. நான்கில் ஒரு ஓ.எஸ்.டி. எங்கெங்கோ சிதறி விழுந்தால், நூறு குழுவுக்கு ஏறக்குறைய 16 குழுக்கள் இரண்டையோ மூன்றையுமோ இழந்துவிடும். அந்தக் குழுக்கள் நின்றுபோகும்.

16 சதவீதம்தானே என்று ஆறுதல் பட முடியாது. ஒரு மெய்நிகர் கணினியின், அதாவது சர்வருக்குள் மென்பொருளாகவே ஓடும் கணினியின், வட்டை செஃப் 4 மெகாபைட் துண்டுகளாக நறுக்கி எல்லா ஓ.எஸ்.டி.க்களிலும் தூவிவிடுகிறது. 100 ஜிகாபைட் வட்டு என்றால் 25,600 துண்டுகள். அத்தனை துண்டுகளில் ஒன்றுகூட அந்த 16 சதவீதத்தில் போய் விழாமல் இருக்குமா? ஆக, அந்தக் களஞ்சியத்தை நம்பியிருக்கும் கணினி எதுவானாலும் இப்போதோ, அடுத்த நொடியோ ஒரு நின்றுபோன துண்டைத் தொட்டு, அப்படியே உறைந்து நிற்கும். சுமையைப் பகிர்ந்து வைத்த அதே ஏற்பாடு, அன்றைக்குத் துன்பத்தையும் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஓ.எஸ்.டி. ஒன்று விழுந்து பத்து நிமிடத்துக்குள் எழாவிட்டால், அது இனி வராது என்று செஃப் தானாக முடிவுகட்டி, மீதி இருக்கும் பிரதிகளிலிருந்து புதுப் பிரதி எடுக்கத் தொடங்கிவிடும். வட்டு ஒன்று செத்தால் இது வரம். நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் விழுந்தால், உயிரோடு இருக்கும் வட்டுகள் தாங்க முடியாத பாரம். அதனால்தான் "நோ-அவுட்" என்று ஒரு கொடி வைத்திருக்கிறார்கள். அதை ஏற்றிவிட்டால், விழுந்தவர்களைக் கணக்கிலிருந்து எடுக்காதே, பொறு என்று பொருள்.

அந்தக் கொடியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ராஜபாளையத்தில் ஒரு நிறுவனத்துக்காக மூன்று சர்வர் கொண்ட சின்ன செஃப் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் பதிப்புக்கு மாற்றும் வேலை. முறைப்படி நோ-அவுட் ஏற்றி, முதலில் வரைபடத்தின் மூலத்தை வைத்திருக்கும் மானிட்டர்கள், பிறகு ஓ.எஸ்.டி.க்கள் என்று ஒவ்வொரு சர்வராக மாற்றி முடித்தேன். எல்லாம் எழுந்து நின்றது. வீட்டுக்கு வந்துவிட்டேன். கொடியை இறக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வட்டு செத்தது. பத்து நிமிடம் ஆனது, பத்து மணி நேரம் ஆனது, களஞ்சியம் புதுப் பிரதி எடுக்கவே இல்லை. நான் சொன்ன சொல்லை அது மீறவில்லை, பொறுத்துக்கொண்டே இருந்தது. திரையில் அந்த மூன்று வாரமும் மஞ்சள் எழுத்தில் "ஹெல்த் வார்ன்" என்று நின்றிருக்கிறது. நானும் தினமும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வட்டு போவதற்கு முன்பு அந்த ஒரு வரியை விரித்துப் படித்ததால் பிழைத்தேன். இன்றைக்கும் மஞ்சள் எழுத்தைக் கண்டால் டீயைக் கீழே வைத்துவிட்டு முழுதாகப் படித்துவிட்டுத்தான் மறுவேலை.

ஜெனீவாவுக்குத் திரும்புவோம்.

விழுந்த ஓ.எஸ்.டி.க்களின் பதிவேட்டைப் புரட்டியபோது சாவுக்கான காரணம் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. தன் வட்டில் சேமித்து வைத்திருந்த வரைபடத்தைப் படிக்கப் போயிருக்கிறது. படத்தோடு சேர்த்து எழுதப்பட்டிருந்த சரிபார்ப்பு எண்ணும், படித்த பிறகு கூட்டிப் பார்த்த எண்ணும் ஒத்துவரவில்லை. தப்பான படத்தை வைத்துக்கொண்டு தரவைத் தொடுவதைவிடச் செத்துப்போவது மேல் என்று அந்தப் புரோகிராம் எழுதப்பட்டிருக்கிறது. மறுபடி கிளப்பினாலும் அதே படத்தைத்தான் படிக்கும், மறுபடி சாகும். அந்த முடிவை எழுதிவைத்த நிரலாளர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். அன்று காலை அந்த ஓ.எஸ்.டி.க்கள் "பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சில் கொண்டுவருவதற்கு முன் எத்தனை ஏடுகளைத் தேடி அலைந்தார் என்று நான்காவது வாரத்தில் எழுதியிருந்தேன். ஓர் ஏட்டில் எழுத்துப் பிசகியிருந்தால் இன்னொரு ஏட்டோடு ஒப்பிட்டுத்தான் சரியான பாடத்தைக் காண முடியும். செர்ன் ஆட்கள் செய்ததும் அதையேதான். வரைபடத்தின் மூல ஏடு மானிட்டர்களிடம் இருக்கிறது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் நின்று, பெரும்பான்மை ஒத்துக்கொண்டால் மட்டுமே ஒரு புதுப் படத்துக்கு எண் கொடுத்து வெளியிடும் கணக்குப்பிள்ளைகள் அவர்கள். அவர்களிடம் இருந்த பிரதி சுத்தமாக இருந்தது.

அதே எண்ணுள்ள நல்ல படத்தை மானிட்டரிடமிருந்து வாங்கினார்கள். செத்துக் கிடந்த ஓ.எஸ்.டி.யின் வட்டைத் தனியாகத் திறக்கும் கருவி ஒன்று உண்டு. அதைக் கொண்டு, கெட்ட படம் இருந்த இடத்தில் நல்ல படத்தைச் செருகினார்கள். பிறகு ஓ.எஸ்.டி.யைக் கிளப்பினார்கள்.

எழுந்தது. இந்த முறை விழவில்லை.

அதே வேலையை ஒவ்வொன்றுக்கும் செய்தாக வேண்டும். ஒரு ஓ.எஸ்.டி.க்கு ஒரு படம் கெட்டிருந்தால் இன்னொன்றுக்கு வேறொன்றும் சேர்ந்து கெட்டிருக்கலாம். செருகு, கிளப்பு, விழுந்தால் பதிவேட்டைப் பார், அடுத்த படத்தைச் செருகு. நின்றுபோன குழுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்பெற, களஞ்சியம் மூச்சுவிடத் தொடங்கியது.

இத்தோடு கதையை முடிக்க முடியாது. படத்தைக் கெடுத்தது யார்?

நல்ல படத்தையும் கெட்ட படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். வித்தியாசம் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிட்கள். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று, ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். மற்றபடி எல்லாம் அச்சு அசல்.

பிட் புரண்டால் முதலில் மெமரியைச் சந்தேகப்படுவது வழக்கம். ஆனால் மெமரி பழுது ஒரு சர்வரோடு போயிருக்கும். கட்டடம் முழுக்க, ஒரே நேரத்தில் வந்திருக்காது. வழியில் நெட்வொர்க் கெடுத்திருக்குமோ? அனுப்பும்போதே சரிபார்ப்பு எண்ணும் கூடவே போகிறது. வந்து சேர்ந்தபோது படம் நன்றாக இருந்ததால்தான் ஓ.எஸ்.டி. அதை ஏற்றுக்கொண்டது. ஆக, படம் கையில் வந்து சேர்ந்ததற்கும் வட்டில் எழுதப்பட்டதற்கும் இடையில், ஓ.எஸ்.டி.யின் வீட்டுக்குள்ளேயே, யாரோ தொட்டிருக்கிறார்கள்.

அந்த வழியில் நின்றது ஒரே ஒரு ஆள். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, வட்டில் எழுதும் முன் தரவைச் சுருக்கித் தரும் எல்.இசட்.4.

யான் கோலே என்ற பிரெஞ்சு நிரலாளர் எழுதி, 2011-ல் வெளியிட்ட நிரல் அது. உலகம் முழுக்க, கோடிக்கணக்கான கணினிகளில் ஓடுகிறது. வேகத்துக்குப் பெயர் போனது. அது செய்யும் வேலையை ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர எழுத்தர்கள் எப்போதிருந்தோ செய்துகொண்டிருக்கிறார்கள். முதல் முறை, சொத்துக்காரரின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், கதவு எண் எல்லாம் எழுதுவார்கள். அடுத்த முறையிலிருந்து "மேற்படியார்", "மேற்படி நிலம்" என்று முடித்துவிடுவார்கள். எல்.இசட்.4-ம் அப்படித்தான்: முன்பு வந்த தொடர் மறுபடி வந்தால் அதை எழுதாமல், "இத்தனை எழுத்துக்கு முன்னால் இருந்ததை இத்தனை நீளம் எடுத்துக்கொள்" என்று குறித்துவிடும்.

பத்திரம் ஒரே தாளில் இருக்கும்வரை மேற்படியில் குழப்பம் வராது. இரண்டு மூன்று தாளுக்கு ஓடி, அந்தத் தாள்கள் மேசையில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தால்? எழுத்தர் "மேற்படியார்" என்று எழுதும்போது எந்தத் தாளின் எந்த ஆளைப் பார்த்தார் என்பதில் ஒரு கணம் தடுமாறினால் போதும். நிலம் வேறொருவர் பெயருக்குப் போய்விடும்.

வரைபடம் மெமரியில் அப்படித்தான் கிடந்தது. ஒரே நீளத் துண்டாக இல்லாமல், சின்னச் சின்னத் துண்டுகளாக, அங்கங்கே. அதைத் துண்டு துண்டாகவே எல்.இசட்.4-இடம் கொடுத்துச் சுருக்கச் சொன்னது செஃப். அந்த நாளில் பல லினக்ஸ் வகைகளில் இருந்த பழைய எல்.இசட்.4 பதிப்பு, துண்டுகள் சிதறிக் கிடக்கும்போது, மிக அபூர்வமாக, தப்பான மேற்படியை எழுதியது. அதே படத்தை ஒரே துண்டாகச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு பிட் பிசகவில்லை.

செர்னின் டான் வான் டெர் ஸ்டர் இந்தத் துப்பறிதலைப் பிறகு செஃப் சமூகத்தின் முன் விரிவாக எடுத்துச் சொன்னார். பரிகாரம் கேட்பதற்கு எளிது: முதலில் சுருக்குவதை நிறுத்து. பிறகு, சுருக்கும் முன் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும்படி செஃப்பைத் திருத்து. எல்.இசட்.4-ன் புதிய பதிப்பில் அந்தப் பிழை ஏற்கெனவே சரிசெய்யப்பட்டிருந்தது. பழையதை வைத்திருந்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. சில வரி நிரல். உலகம் முழுக்க செஃப் வைத்திருந்தவர்கள் தத்தம் களஞ்சியத்தில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

இதை எழுதும்போது இரவு மணி பதினொன்று. மேற்கே மலைப்பக்கம் மின்னல் வெட்டுகிறது. நான் ஒரே ஒரு வரியில் சிக்கி நிற்கிறேன்.

வரைபடம் கெட்டது தெரிந்ததற்குக் காரணம், அதற்கென்று தனியாக, சுருக்குவதற்கு முன்பே போட்ட சரிபார்ப்பு எண் இருந்ததுதான். வட்டில் எழுதப்படும் மற்ற தரவுகளுக்கும் செஃப் ஒரு சரிபார்ப்பு எண் போடுகிறது. ஆனால் அதைப் போடுவது சுருக்கி முடித்த பிறகு. எழுத்தர் தப்பான மேற்படியை எழுதி முடித்த பத்திரத்தின் மீது, "இது திருத்தப்படாதது" என்று முத்திரை வைப்பது போல. அந்த முத்திரை எந்தக் காலத்திலும் தப்பு என்று சொல்லாது.

அப்படியானால், சுருக்குதல் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அதே எல்.இசட்.4 வழியாக உள்ளே போன விஞ்ஞானிகளின் தரவு? அங்கேயும் பிட்கள் புரண்டிருந்தால், எந்த ஓ.எஸ்.டி.யும் சாகாது, எந்த மஞ்சள் எழுத்தும் வராது. செர்னில் அந்தக் கேள்வி எழுந்தபோது, பதில் கிடந்த இடம் வட்டுகள் அல்ல. தரவு மெமரிக்குள் எந்த வடிவத்தில் வந்து இறங்குகிறது என்பதில் இருந்தது.

அது எந்த வடிவம்?

(அடுத்த வாரம் தொடரும்)