எவரும் படிக்காத நிரல்: அறிவியல் மென்பொருளுக்கு மதிப்பாய்வு வந்த வரலாறு

2006 டிசம்பரில் அமெரிக்காவின் 'சயன்ஸ்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியாயிற்று. கலிபோர்னியாவைச் சேர்ந்த புரத ஆய்வுக் குழு ஒன்று, அவ்விதழில் தான் வெளியிட்டிருந்த மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அதில் அறிவித்தது. பிற இதழ்களில் வந்தவற்றையும் சேர்த்து ஐந்து கட்டுரைகள் செல்லாதவை ஆயின. அவற்றுள் முதலாவது 2001இல் வந்தது.

எவரும் தரவைப் புனையவில்லை, சோதனையும் பொய்க்கவில்லை. வேறோர் ஆய்வகத்திலிருந்து கைமாறி வந்த சிறு நிரல் ஒன்று, எண்களின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டது. அதனால் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் கண்ணாடிப் பிம்பம்போல் வலம் இடமாகத் திரும்பியது. சுவிட்சர்லாந்துக் குழுவொன்று அதே குடும்பத்துப் புரதமொன்றின் வடிவத்தை வெளியிட்ட பிறகே பிழை புலப்பட்டது.

அந்த ஐந்து கட்டுரைகளும் வல்லுநர் மதிப்பாய்வைக் கடந்தே அச்சேறியவை. வாதத்தையும் படங்களையும் மதிப்பாய்வாளர்கள் படித்தனர். முடிவை ஈன்ற நிரலை எவரும் படிக்கவில்லை. நிரலைக் காட்டுமாறு கேட்கும் வழக்கமே அன்று அரிது. அதனை எழுதிய ஆய்வாளரும் பெரும்பாலும் மூத்த மாணவரின் தோளருகே நின்று கற்றவராகவே இருந்தார்.

இக்குறையைப் பயிற்சியின் வழி தீர்க்க முனைந்தவர்கள் முன்பே இருந்தனர். 1998இல் கிரெக் வில்சனும் பிரென்ட் கோர்டாவும் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் அறிவியலாளர்களுக்காக 'சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி' என்ற வகுப்பைத் தொடங்கினர். நிரலைச் சிறு கூறுகளாகப் பிரித்தல், சோதித்தல், மாற்றங்களைப் பதிவுசெய்தல் என அன்றாடத் தொழில்நுட்பமே அதன் பாடம். தச்சுவேலை என்ற பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லும். பின்னாளில் அது தன்னார்வலர்கள் நடத்தும் இரண்டு நாள் பயிலரங்காக மாறி உலகெங்கும் பரவியது.

மதிப்பாய்வு அதன் பின்னரே வந்தது. 'ஆர்' மொழியில் எழுதப்படும் ஆய்வுக் கருவிகளுக்காக 2011இல் தோன்றிய 'ஆர்ஓப்பன்சை' சமூகம், 2015இல் அவற்றை மதிப்பாய்வு செய்யத் தொடங்கியது. 2016 மே மாதத்தில் 'ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்' பிறந்தது. கட்டணமில்லாத இவ்விதழில் கட்டுரை சிறியதே, மதிப்பிடப்படுவது மென்பொருள். மதிப்பாய்வாளர் அதைத் தம் கணினியில் நிறுவிப் பார்க்கிறார். விளக்கக் குறிப்பு சொன்னபடி அது இயங்குகிறதா, சோதனைகள் உள்ளனவா, உரிமம் தெளிவாக உள்ளதா என்று ஒவ்வொன்றாகக் குறிக்கிறார். உரையாடல் முழுவதும் பொதுவெளியில் நடக்கிறது. நிராகரிப்பதை விடத் திருத்துவதே குறிக்கோள். எனவே எழுதியவரும் கற்கிறார், மதிப்பிடுபவரும் கற்கிறார். 'பைத்தான்' மொழிக்குப் 'பைஓப்பன்சை' இதே பணியைச் செய்துவருகிறது.

இந்தியாவில் இதே சிந்தனை வேறொரு வாயில் வழியாக நுழைந்தது. மத்திய அரசின் நிதியுதவியுடன் மும்பை ஐஐடியில் உருவான 'ஃபாஸீ' திட்டம், விலைகொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு மாற்றாகச் 'சைலேப்' போன்ற திறமூலக் கருவிகளைக் கல்லூரிகளுக்குக் கொண்டுசென்றது. மாணவர் தாம் பயிலும் பாடநூல் ஒன்றிலுள்ள தீர்த்த கணக்குகள் அனைத்துக்கும் நிரல் எழுதுவார். நூலிலுள்ள விடை கிடைக்கிறதா என்று மதிப்பாய்வாளர் சரிபார்த்த பின், மாணவரின் பெயருடன் அது இலவசமாக வெளியாகும். இவ்வாறு நூற்றுக்கணக்கான பாடநூல்களுக்குத் துணைநிரல்கள் உருவாயின.

அதே ஐஐடியின் 'ஸ்போக்கன் டுட்டோரியல்' திட்டம் இன்னும் ஒரு படி சென்றது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் கொடுக்கப்படும் அதன் பாடங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம். பாடத்தின் எழுத்துவடிவம் வல்லுநரின் பார்வையோடு நின்றுவிடுவதில்லை. அம்மென்பொருளை அறியாத புதியவர் ஒருவர் அதன்படி செய்துபார்த்து, தாம் தடுமாறும் இடங்களைச் சுட்ட வேண்டும். அறியாதவரும் அங்கே மதிப்பாய்வாளர்.

மும்பையின் புதியவரும் அந்த இதழின் மதிப்பாய்வாளரும் செய்வது ஒரே செயல்: எழுதியவர் அருகில் இல்லாதபோது, எழுதப்பட்டதை மட்டும் நம்பி இயக்கிப் பார்த்தல். கலிபோர்னிய நிரலுக்குக் கிட்டாது போனது அத்தகைய அயலார் ஒருவரின் கை.

இச்சமூகங்கள் பெரிதும் தன்னார்வ உழைப்பில் நிற்கின்றன. பணி உயர்வுக் குழுக்கள் இன்றும் கட்டுரைகளையே எண்ணுகின்றன. பிறர் நிரலைத் திருத்தச் செலவிட்ட வாரங்களுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. மென்பொருளை வெளியிடச் சிறு கட்டுரை தேவைப்படுவதும் அதனால்தான். நிரலைப் படிப்பதும் அறிவியல் பணியே என்று நிறுவனங்கள் ஏற்கும் நாளில் அந்தச் சிறு கட்டுரையும் தேவையற்றதாகலாம்.