பண்புசார் ஆய்வு

பண்புசார் ஆய்வு என்பது மனிதரின் அனுபவம், நம்பிக்கை, நடத்தை ஆகியவற்றை அவை நிகழும் சூழலிலேயே வைத்து விளங்கிக்கொள்ள முயலும் ஆய்வு அணுகுமுறை ஆகும். இதன் தரவுகள் பெரும்பாலும் எண்களாக அல்லாமல் பேச்சு, செயல், காட்சி, ஆவணம் ஆகியனவாக இருக்கும். சமூகவியல், மானிடவியல், கல்வியியல், செவிலியம், மேலாண்மை முதலிய துறைகளின் மாணவர்களுக்கு இது கற்பிக்கப்படுகிறது. இவ்வாய்வில் ஆய்வாளரே முதன்மைக் கருவி எனக் கூறப்படுவதுண்டு.

அளவுசார் ஆய்வுடன் ஒப்பீடு

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர் தொழிற்பேட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்குள்ள ஆயத்த ஆடை நிறுவனங்களில் எத்தனை பெண்கள் பணிபுரிகின்றனர், அவர்களுள் எத்தனை விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் வேலையை விடுகின்றனர் என்பன அளவுசார் வினாக்கள். வேலையை விடும் முடிவு வீட்டில் எவ்வாறு எடுக்கப்படுகிறது, எதை அவர்கள் கௌரவமான வேலையாகக் கருதுகின்றனர் என்பன பண்புசார் வினாக்கள்.

முன்னதற்குச் சமவாய்ப்பு முறையில் தெரிவுசெய்த பெரிய மாதிரி தேவை. பின்னதற்குப் பொருத்தமான சிலரைத் தெரிந்தெடுத்து நெடுநேரம் உரையாட வேண்டும். மேலும் பலரைச் சந்தித்தும் புதிய செய்தி கிடைக்காத கட்டம் நிறைவுநிலை எனப்படும். இவ்வாறு பெறும் முடிவுகளை மக்கள்தொகை முழுமைக்கும் விழுக்காடாகக் கூற இயலாது.

முதன்மை முறைகள்

* பங்கேற்று நோக்கல்: ஆய்வாளர் மக்களுடன் வாழ்ந்து களக்குறிப்பு எழுதுதல். திரோபிரியாண்டுத் தீவுகளில் ஆய்வு செய்த மலினோவ்ஸ்கியின் 1922ஆம் ஆண்டு நூல் இதற்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது.
* ஆழ்நிலை நேர்காணல்: முடிவான விடைகளைத் தராமல், விரிவாகப் பேச இடமளிக்கும் வினாக்களைக் கேட்டல்.
* குழுக் கலந்துரையாடல்: ஒரு பொருள் குறித்துச் சிலரை ஒருங்கே பேசச் செய்தல்.
* வாழ்க்கை வரலாறு, ஆவணப் பகுப்பாய்வு.
* தரவுவழிக் கோட்பாடு: முன்முடிவின்றித் தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்குதல். கிளேசர், ஸ்ட்ராஸ் ஆகியோர் 1967இல் இதனை முன்வைத்தனர்.

தமிழ்நாட்டில்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் சிலேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களை ஆராய அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்கள் பற்றிய தகவல்கள் 1918இல் நூலாயின. வினாநிரலை அடிப்படையாகக் கொண்டதாயினும், அந்நூலில் ஊர் வாழ்வு குறித்த விவரணைகளும் உள்ளன. இவ்வூர்கள் 1930களிலும் 1961இலும் 1980களிலும் மீளாய்வு செய்யப்பட்டன. இருவேல்பட்டு 2008இலும் ஆராயப்பட்டது.

கேத்லீன் கஃப் 1951-53 காலப்பகுதியில் தஞ்சாவூர் மாவட்டச் சிற்றூர்களில் தங்கி ஆராய்ந்தார். ஆந்த்ரே பெத்தேய் 1961-62இல் அதே மாவட்டத்தில் 'ஸ்ரீபுரம்' எனப் பெயர் மாற்றிக் குறிப்பிட்ட ஊரில் கள ஆய்வு செய்தார். அவரது நூல் 1965இல் வெளியானது.

ஆய்வாளரின் நிலை

பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கியிருந்தார். அதனால் ஊரார் அவரைப் பிராமணர்களோடு சேர்த்தே கண்டனர். ஆதிதிராவிடர்களுடன் அதே அளவு நெருங்கிப் பழக அவரால் இயலவில்லை. இவ்வரம்பை அவரே பதிவு செய்துள்ளார். ஆய்வாளர் எத்தெருவில் தங்குகிறார், யார் மூலம் அறிமுகமாகிறார் என்பவை கிடைக்கும் தரவைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

அம்பத்தூர் எடுத்துக்காட்டிலும் இதுவே பொருந்தும். மேற்பார்வையாளர் காணும்படி தொழிற்சாலை வாயிலில் நடத்தும் நேர்காணலும், தொழிலாளியின் வீட்டில் நடத்தும் நேர்காணலும் ஒரே விடையைத் தருவதில்லை. வீட்டிலும் கணவரோ மாமியாரோ உடனிருந்தால் விடை மாறக்கூடும். எனவே நேர்காணல் நடந்த இடம், நேரம், உடனிருந்தோர் ஆகியவற்றைக் களக்குறிப்பில் எழுதுவது கட்டாயமாகக் கருதப்படுகிறது.

ஆய்வு நெறி

பங்கேற்பாளருக்கு ஆய்வின் நோக்கத்தை விளக்கி ஒப்புதல் பெறுதல், விரும்பும்போது விலகும் உரிமை அளித்தல், பெயர்களை மறைத்தல் ஆகியன அடிப்படை நெறிகளாகும். பெயரை மறைப்பது மட்டும் போதாது. சிறிய ஊரிலோ ஒரே பணிமனையிலோ பதவி, வயது, குடும்ப விவரம் ஆகியவற்றைக் கொண்டே ஒருவரை அடையாளம் காண முடியும். அதனால் அவர் வேலையை இழக்கவும் நேரலாம்.

விமர்சனங்கள்

ஆய்வாளரின் சார்பு முடிவுகளில் கலந்துவிடும், மற்றொருவர் அதே ஆய்வைச் செய்தால் அதே முடிவு கிடைக்காது என்பன முக்கிய விமர்சனங்களாகும். பல வழிகளில் பெற்ற தரவுகளை ஒப்பிடுதல், முடிவுகளைப் பங்கேற்பாளரிடமே காட்டிக் கருத்தறிதல், ஆய்வாளர் தம் நிலையை வெளிப்படையாக எழுதுதல் ஆகியவற்றின் மூலம் இக்குறைகள் ஓரளவு ஈடுசெய்யப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* அளவுசார் ஆய்வு
* இனவரைவியல்
* வாய்மொழி வரலாறு