பங்கிடும் உரிமையற்ற காவலர்

இரண்டு பூனைகளுக்கு அப்பம் பங்கிட வந்த குரங்கின் கதையை நாம் யாவரும் இளமையிலேயே கேட்டிருக்கின்றோம். தராசுத் தட்டுகளைச் சமன் செய்வதாகச் சொல்லி, அப்பம் முழுவதையும் குரங்கே தின்று தீர்த்தது. ஒருவர் காலமான பின், அவருடைய ஆஸ்தி எவரைச் சேரும் என்று தாவா எழுமாயின், அந்த அப்பத்தின் கதி ஆஸ்திக்கும் நேரக்கூடும். தீர்ப்பு வரும் வரையில் வீட்டு வாடகையை வசூலிப்பவர் எவர்? விளைந்த நெல்லை அறுத்துக் களம் சேர்ப்பவர் எவர்? வரி செலுத்துபவர் எவர்? உரிமை கோருவோரில் ஒருவர் கையில் சாவி இருந்தால் மற்றவருக்கு அச்சம். எவர் கையிலும் இல்லையெனில் ஆஸ்திக்கே நாசம். இவ்விடைக்காலத்துக்கென நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகியைப் பற்றியும், நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுரத்தில் அத்தகைய நிர்வாகம் நடந்த வரலாற்றைப் பற்றியும் இங்குச் சிறிது காண்போம்.

இங்கிலாந்தில் 1857-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, உயில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது இடைக்கால நிர்வாகியை நியமிக்கும் அதிகாரத்தை உயில் நீதிமன்றத்துக்கு அளித்தது. அம்முறை நம் நாட்டிலும் வேரூன்றி, 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 247-ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. அப்பிரிவின்படி நியமிக்கப்பெறும் நிர்வாகிக்குப் பொது நிர்வாகியின் உரிமைகள் யாவும் உண்டு. ஒன்று மட்டும் இல்லை. ஆஸ்தியைப் பங்கிட்டுக் கொடுக்கும் உரிமையே அது. நீதிமன்றத்தின் நேரடிக் கட்டுப்பாட்டில், அதன் உத்தரவுப்படியே அவர் நடத்தல் வேண்டும். குரங்கின் கையிலிருந்து தராசைப் பறித்துவிட்டது சட்டம்! உரியவர் இன்னார் என்று முடிவாகாத பார்சலைக் கிடங்கில் காத்து வைக்கும் ரயில்வே குமாஸ்தாவின் நிலையும் இதுவே. காப்பது அவர் கடமை. தாமே தீர்மானித்து ஒருவரிடம் ஒப்படைத்துவிட அவருக்கு அதிகாரம் இல்லை.

உயில் பற்றிய வழக்கு அல்லாத பாகப்பிரிவினை வழக்குகளில், 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி ‘ரிசீவர்’ நியமிக்கப்பெறுவதை நம்மில் பலர் அறிவர்.

இனி நம் நகரத்து வரலாற்றுக்கு வருவோம். ஸ்ரீ பத்மநாப ஸ்வாமி ஆலய வழக்கு தனிமனிதர் ஒருவரின் ஆஸ்தி வழக்கு அன்று. எனினும் அதுவும் ஒருவருடைய மறைவிலிருந்தே பிறந்த வினா. 1750-இல் மார்த்தாண்ட வர்மா மகாராஜா தம் இராஜ்யத்தை இறைவனுக்கே அர்ப்பணித்துப் பத்மநாப தாசராக ஆண்டார். 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது ஏற்பட்ட உடன்படிக்கை, இவ்வாலய நிர்வாகத்தைத் திருவிதாங்கூர் மன்னரிடமே விட்டுவைத்தது. 1971-இல் அரசியல் சட்டத்தின் 26-ஆம் திருத்தம் மன்னர்களுக்கிருந்த அங்கீகாரத்தை நீக்கிற்று. உடன்படிக்கையில் ஒப்பமிட்ட சித்திரைத் திருநாள் மகாராஜா 1991-இல் இறைவனடி சேர்ந்தார். மன்னர் பட்டமே இல்லாத காலத்தில், ‘மன்னர்’ வகித்த நிர்வாக உரிமை எவருக்குச் செல்லும்? இதுவே வழக்கின் கரு.

தம்பியார் உத்திராடம் திருநாள் நிர்வாகத்தை ஏற்று நடத்தி வந்தார். பின்னர் எழுந்த வழக்குகளில் கேரள உயர்நீதிமன்றம் 2011 ஜனவரி 31 அன்று, அவ்வுரிமை அவருக்குச் சேராது என்றும், அரசு ஒரு அமைப்பை ஏற்படுத்தி ஆலயத்தை ஏற்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்து, நிலவறைப் பொருள்களுக்குப் பட்டியல் எடுக்கக் கட்டளையிட்டது. அறைகள் திறக்கப்பெற்றபோது உலகமே வியந்தது. ஆயின் வழக்கு எவருக்காகவும் காத்திருக்கவில்லை. வழக்குத் தொடுத்தோரில் ஒருவரான முன்னாள் போலீஸ் அதிகாரி டி. பி. சுந்தரராஜன் 2011 ஜூலையில் மறைந்தார். மேல்முறையீடு செய்த உத்திராடம் திருநாளும் 2013 டிசம்பரில் மறைந்தார்.

வாதிகள் மறையலாம், நித்திய பூஜை நிற்கலாகாது அன்றோ? 2014 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் திருவனந்தபுரம் மாவட்ட நீதிபதியின் தலைமையில் இடைக்கால நிர்வாகக் குழுவை அமைத்தது. முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வினோத் ராயிடம் தணிக்கைப் பணி ஒப்படைக்கப்பட்டது. அக்குழு ஆலய நிர்வாகத்தைக் கவனித்தது. உரிமை எவருடையது என்பதைத் தீர்மானிக்கும் வேலை அதனுடையது அன்று. ‘பி’ என்னும் நிலவறையும் திறக்கப்படாமலே இருந்தது. 2020 ஜூலை 13 அன்று வந்த இறுதித் தீர்ப்பில், ஒப்பமிட்டவர் மறைந்ததால் குடும்பத்தின் உரிமை அற்றுப்போகவில்லை என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. எனினும் மாவட்ட நீதிபதியின் தலைமையிலான குழுவே நிர்வாகம் செய்யும் ஏற்பாட்டையும் ஏற்றது. ஒருவர் மறைவுக்கும் விடைக்கும் இடையே இருபத்தொன்பது ஆண்டுகள்!

இடைக்காலம் நீளுவது நம் ஊரில் மட்டும் அன்று. 2004-இல் காலமான பிரியம்வதா பிர்லாவின் உயில் வழக்கில், கல்கத்தா உயர்நீதிமன்றம் 2012-இல் மூவர் கொண்ட இடைக்கால நிர்வாகக் குழுவை நியமித்தது. அம்மையார் வைத்திருந்த பங்குகளின் வாயிலாகக் கம்பெனிகளின் காரியங்களில் அக்குழு எவ்வளவு தூரம் தலையிடலாம் என்பதே பெருவழக்காகி விட்டது. காவலுக்கும் ஓர் எல்லை வேண்டும். இல்லையேல் வேலியே பயிரை மேய்கின்றது என்ற சந்தேகம் எழும்.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இவ்வரலாறு அயலான செய்தி அன்று. நம்மவர்க்கு வீடு இவ்வூரில். நஞ்சை நாஞ்சில் நாட்டிலோ நெல்லையிலோ. மக்கள் சென்னையிலும் பம்பாயிலும். குடும்பத் தலைவர் கண்மூடியபின் உரிமையில்லாத ஒருவர் சொத்தைக் கைப்பற்றினால், மாவட்ட நீதிபதியை அணுகிக் காப்பாளர் ஒருவரை நியமிக்கக் கோரலாம். ஆயின் இறந்த ஆறு மாதங்களுக்குள் அணுகுதல் வேண்டும். துக்கத்திலும் தயக்கத்திலும் அக்கெடு கழிந்துவிடுகின்றது. உயிரோடிருக்கும்போதே தெளிவான உயில் எழுதி, இருவரைச் சாட்சியாகக் கையொப்பமிடச் செய்து, அதை நிறைவேற்றுபவரின் பெயரையும் குறிப்பிட்டு வைப்பது நலம். நீதிமன்றம் தரும் காவலர் சொத்தைக் காப்பார். ஆயின் அண்ணன் தம்பி உறவைக் காக்கும் அதிகாரத்தை எச்சட்டமும் அவருக்கு வழங்கவில்லை. அக்காவல் நம் கையிலேயே உள்ளது.