அக்கா வீட்டுக்குப் போக ஒரு வீசா

போன கிழமை, பாடசாலை விட்டு நான் கிளம்பும் நேரம், மேல்தோட்டத்து ஆச்சி ஒருவர் வாசலில் காத்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய கடவுச்சீட்டு.

"சேர், கோத்தகிரில அக்காவுக்கு முடியலையாம். ஒருக்கா போய்ப் பாத்துட்டு வந்திடுறேன். அந்த வீசா பாரத்த நெரப்பித் தாங்க."

கொத்மலையில் ஆசிரியராக இருப்பவருக்குப் பாரம் நிரப்புவது பாதி வேலை. உட்கார்ந்தோம். பிறந்த இடம்: கொத்மலை. தகப்பன் பிறந்த இடம்: துறையூர், திருச்சி மாவட்டம். பாட்டன், பாட்டி பாகிஸ்தானியரா என்றும் அந்தப் பாரத்தில் ஒரு கேள்வி உண்டு. வாசித்துச் சொன்னேன். ஆச்சி சிரித்துவிட்டார். "நம்ம பாட்டி கொழுந்து பறிச்சவங்க சேர்." இந்தியாவில் யாரைப் பார்க்கப் போகிறீர்கள்? கூடப் பிறந்த அக்காவை. அக்கா பிறந்தது எங்கே? இதே தோட்டம், இதே லயம், இதே காம்பரா.

ஒரே காம்பராவில் பிறந்த இருவரில் ஒருவர் இந்தியர், மற்றவர் இலங்கையர். இது எப்படி நடந்தது என்று என் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியாது. பாடப்புத்தகத்தில் அதற்குச் சில வரிகள்தான். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கடல் 22 மைல்தான். கோச்சி, கப்பல், மறுபடி கோச்சி. தோட்டத்து மக்கள் கலியாணத்துக்கும் கருமாதிக்கும் போய் வந்தார்கள். அதை யாரும் வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லவில்லை, "ஊருக்குப் போயிட்டு வாறது" என்றார்கள். மண்டபம் முகாமில் தொற்றுநோய்ச் சோதனை இருந்தது, துண்டு இருந்தது, கங்காணியின் கடனும் இருந்தது. எல்லாம் இனிப்பாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீ எந்த நாட்டவன் என்று அக்காவையும் தங்கையையும் பிரித்து யாரும் கேட்கவில்லை.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அதைக் கேட்டது. தகப்பன் வழியில் இங்கே பிறந்ததற்குச் சான்று வேண்டும் என்றது. துறையூரில் பிறந்த தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் எந்தச் சான்றைக் காட்டுவது? அடுத்த வருடம் வந்த சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமிருந்து வந்து மலையகத்தில் கடை வைத்திருந்த எங்கள் ஆட்களையும் அது தொட்டது. என் வாப்பாவின் மாமா ஒருவர் நாவலப்பிட்டிக் கடையைப் பூட்டிவிட்டு அப்படித்தான் போனார். அது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்குப் போட்டார்கள். 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு. மீதி ஒன்றரை இலட்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து ஆட்கள் யாரையும் அந்த மேசைக்குக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

ஆச்சியின் தாய், தகப்பன், அக்கா குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆச்சியைக் கட்டியவரோ இலங்கைக்கு எழுதிக் கொடுத்தவர். 1973இல் அவர்கள் புறப்பட்டார்கள். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அரசாங்கக் காகிதத்தில் அக்காவின் பெயர் "தாயகம் திரும்பியவர்". அதற்கு முன் அவர் அந்தக் கரையைக் கண்ணால் கண்டதே இல்லை!

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. ஆட்களைப் பிரித்துக் கொண்டுபோன அதே கப்பல்தான், கடவுச்சீட்டு இருந்தவர்களுக்குப் பார்க்கப் போகும் வழியாகவும் இருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமையான காலம், காசு கொண்டுபோக முடியாது. கிராம்பும் தேயிலைத்தூளும் சவர்க்காரமும் போகும், சேலையும் சாரமும் வரும். நாடற்றவர் என்று எழுதப்பட்டவருக்கு அதுவும் இல்லை. நாடில்லாதவருக்கு ஏது கடவுச்சீட்டு?

1984இல், யுத்தம் மூண்ட பின், கப்பல் நின்றது. ஆச்சியின் தாய் கோத்தகிரியில் இறந்தது 1986இல். தந்தி வந்தது. விமானச் சீட்டு விலை அவருடைய பல மாதச் சம்பளம். லயத்து வாசலில் விளக்கு வைத்து அழுததோடு சரி.

2014இல்தான் பேரனோடு முதல் தடவை போனார். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சி, பிறகு மேட்டுப்பாளையம், மலையேறும் பஸ். 41 வருடம் கழித்து. அங்கேயும் லயம், அங்கேயும் தேயிலை. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968இல் நீலகிரியில் போடத் தொடங்கிய தோட்டங்கள் பின்னர் டேன்டீ ஆயின. அக்கா அதில்தான் வேலை செய்து ஓய்வு பெற்றார். பக்கத்து வீடுகளில் புசல்லாவைக்காரர், பூண்டுலோயாக்காரர். கடைவீதியில் அவர்களுக்கு இன்றும் பெயர் "சிலோன்காரங்க". இங்கே இருந்தபோது "இந்தியாக்காரர்".

முதல் இரவே சண்டை வந்ததாம். "அம்மா சாவுக்கு ஏண்டி வரல?" என்று அக்கா கேட்டிருக்கிறார். 28 வருடம் மனதில் வைத்திருந்த கேள்வி. கப்பல் இல்லை என்று இவர் சொல்ல, "மனசிருந்தா வந்திருப்ப" என்று அவர் சொல்ல, விடியும் வரை இருவரும் பேசவில்லை. காலையில் அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு 18 நாளும் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

இன்னொன்று. பேரன் போனில் கொத்மலை நீர்த்தேக்கத்தைக் காட்டியிருக்கிறான். 1985இல் நிறைந்த தண்ணீர். அக்கா போனபோது அந்தப் பள்ளத்தாக்கில் வயல்தான் இருந்தது. "இது நம்ம ஊரு இல்ல, வேற எதையோ காட்டுறான்" என்று சொல்லிவிட்டாராம்.

2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் கப்பல் விட்டார்கள், இடையில் நின்று நின்று ஓடியது. ஆச்சிக்கு அது தோதுப்படாது. இங்கிருந்து காங்கேசன்துறைக்கே ஒரு நாள் பஸ்ஸில் போக வேண்டும். தலைமன்னார் வழி இன்னும் திறக்கவில்லை.

உங்கள் வீடுகளில் பழைய பாமிலி காட், கப்பல் டிக்கட், அந்தக் காலத்துக் கடிதம் ஏதாவது இருந்தால் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

ஆச்சி திங்கட்கிழமை வீசாவுக்குக் கண்டி போகிறார். அக்காவுக்கு என்று இரண்டு கிலோ தேயிலைத்தூள் இப்போதே கட்டி வைத்திருக்கிறார். கோத்தகிரிக்குத் தேயிலைத்தூளா என்று கேட்டேன்.

"அது வேற தூளு சேர்" என்றார்.