நாடியைச் சுற்றி நிண்ட கலங்கள்

பிறஷர் எண்டால் கையில பட்டி கட்டிப் பாக்கிறதுதான் எங்களுக்குத் தெரியும். சுவாசப்பை நாடிக்குள்ளயும் தனியா ஒரு பிறஷர் இருக்கு. சாதாரணமாக அது சராசரி 14 மில்லிமீற்றர் இரசம் அளவுதான். அது கூடினால் கைப்பட்டி காட்டாது. வலது இதயவறை அந்தப் பாரத்தைத் தாங்கித் தாங்கி விரிந்து, கடைசியில் தளர்ந்துவிடும்.

1891 இல் ஜேர்மன் வைத்தியர் ஏர்ன்ஸ்ற் ஃபொன் றொம்பேர்க், பிரேத பரிசோதனையில் தடித்து இறுகிய சுவாசப்பை நாடிகளைக் கண்டு எழுதினார். காரணம் பிடிபடவில்லை. 1901 இல் புவனஸ் அயர்ஸில் ஆபெல் அயெர்சா, உடல் நீலம் பாரித்து மூச்சு வாங்கும் நோயாளிகளை 'கறுத்த இதயநோயாளர்' எண்டு விரிவுரையில் விபரித்தார். அவருக்குப் பின் வந்த அறியாகா, சிபிலிஸ் நாடியில் உண்டாக்கும் அழற்சிதான் காரணம் எண்டு அடிச்சுச் சொன்னார். அது பிழை. ஆனால் சிபிலிஸைத் தூக்கி எறிஞ்சபோது அழற்சி எண்ட எண்ணமும் கூடவே பின்வரிசைக்குப் போயிட்டுது எண்டுதான் எங்களுக்குப் படுகிறது.

1951 இல் அமெரிக்க வைத்தியர் டேவிட் டிறெஸ்டேல், இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி இந்தப் பிறஷரை அளந்தார். நாடியைத் தளர்த்தும் மருந்து கொடுக்க அது இறங்கியது. அவர் வைத்த பெயர் 'முதன்மைச் சுவாசப்பை உயர் அமுக்கம்'. முதன்மை எண்டால் வேற ஒண்டுமில்லை, காரணம் தெரியாது எண்டதுக்கு மரியாதையான சொல்! அதுக்குப் பிறகு கனகாலம், நாடி சுருங்குவதுதான் நோய், தளர்த்துவதுதான் வைத்தியம் எண்ட பார்வையே ஓங்கி நிண்டது. அந்த வழியில் வந்த மருந்துகள் பலரின் ஆயுளை நீட்டின, அதை மறுக்கேலாது.

1994 இல் றூபின் ரூடர், நோபர்ட் ஃவெல்கெல் ஆகியோரின் குழு நோயாளிகளின் சுவாசப்பைத் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தது. சிதைந்த நாடிகளைச் சுற்றி ரி-கலங்கள், பி-கலங்கள், மக்ரோபேஜ்கள் எல்லாம் கூடி நிண்டன. இவை சும்மா வேடிக்கை பாக்க வந்தவையல்ல. தூண்டப்பட்ட நிர்ப்பீடனக் கலங்கள் இன்ரர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைப் பொருட்களைச் சுரக்கின்றன. நாடிச் சுவரின் தசைக் கலங்கள் அதைக் கேட்டுப் பெருகுகின்றன. சுவர் தடிக்கிறது, வழி ஒடுங்குகிறது, பிறஷர் ஏறுகிறது. காயப்பட்ட சுவரும் தன் பங்குக்கு இன்னும் கலங்களைக் கூப்பிடுகிறது.

அப்படியெண்டால் நிர்ப்பீடனத்தை அடக்கினால் சரிதானே? 2011 இல் வெளியான எலி ஆய்வு ஒண்டு இந்தக் கேள்வியைச் சிக்கலாக்கியது. ரி-கலங்கள் இல்லாத எலிகளின் நாடிகளைக் காயப்படுத்தியபோது நோய் கடுமையாக வந்தது. அழற்சியைக் கட்டுப்படுத்தும் ஒருவகை ரி-கலங்களை முன்கூட்டியே ஏற்றிய எலிகள் தப்பின. ஒரே படைக்குள்ள அடிக்கிறவரும் இருக்கினம், விலக்குப் பிடிக்கிறவரும் இருக்கினம்.

லூபஸ் நோயோடு இந்தப் பிறஷரும் வந்த சிலருக்கு, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்து கொடுக்க நிலைமை தேறியிருக்கு. மற்றவர்களுக்கு எந்தக் கலத்தை, எப்ப அடக்குவது எண்டது இன்னும் தீரவில்லை. மொத்தமாக அடக்கினால் விலக்குப் பிடிக்கிற கலமும் சேர்ந்து போயிடும்.